யூபிவிசி ஜன்னலில் தண்ணீர் வருகிறதா? மும்பைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஊரில் ஜன்னல் என்றால் தேக்குச் சட்டம், இரும்புக் கம்பி, ஒரு கொக்கி. மழை வந்தால் சாத்திக் கொக்கியைப் போட்டுவிடுவோம். மும்பையில் வாடகைக்குக் கிடைக்கும் புதிய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் இருப்பது வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல். யூபிவிசி என்பார்கள். பார்க்க எளிமையாக இருக்கும். கறையான் அரிக்காது, வர்ணம் அடிக்க வேண்டாம். ஆனால் உள்ளே அதற்கென்று ஒரு வடிகால் ஏற்பாடே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கை வைத்தால் என்ன ஆகும் என்பதை என் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டேன்.

செம்பூரில் ஒன்பதாவது மாடி, மேற்குப் பார்த்த படுக்கையறை. நம் ஊர் மழை ஐப்பசியில் வரும் என்ற நினைப்பிலேயே இருந்த எனக்கு, ஜூன் நடுவில் வந்த முதல் மழை அதிர்ச்சியாக இருந்தது. ஜன்னலின் அடியில் ஷட்டர்கள், அதாவது பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவுகள், ஓடும் டிராக்கில் தண்ணீர் தேங்கி நின்றது. குனிந்து பார்த்தேன், டிராக்கின் தரையில் நீளவாட்டில் இரண்டு மூன்று துளைகள். "திருடன் இந்த வழியாகத்தான் வருகிறான்" என்று முடிவுகட்டி, கடையில் ஒரு சிலிகோன் குழாய் வாங்கி, எல்லாத் துளைகளையும் பிசிறில்லாமல் அடைத்தேன். வேலை சுத்தமாக இருந்ததில் எனக்குப் பெருமை வேறு. அடுத்த மழையில் டிராக் தொட்டிபோல் நிரம்பி, விளிம்பைத் தாண்டி, மெத்தையை நனைத்து, தரையில் ஓடியது. இரண்டு நாள் கழித்துக் கீழ்வீட்டு மராத்தி அம்மா என்னைக் கூட்டிப்போய்த் தம் வீட்டுக் கூரையில் படர்ந்திருந்த ஈரத்தைக் காட்டினார். வாய் திறந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

அந்தத் துளைகள் தண்ணீர் வரும் வழி அல்ல, வெளியேறும் வழி. நகர்த்தும் வகை ஜன்னலில் ஷட்டர்களுக்கு இடையே முழு அடைப்பு கிடையாது. பிரஷ் போன்ற மயிர்ப்பட்டைதான் இருக்கும். கொஞ்சம் மழைநீர் டிராக்குக்குள் விழும் என்பதை எதிர்பார்த்தே அதை வடிவமைக்கிறார்கள். விழுந்த நீர் டிராக்கின் துளை வழியாகச் சட்டத்தின் உள் அறைக்கு இறங்கி, சட்டத்தின் வெளிமுகத்தில் இருக்கும் இன்னொரு துளை வழியாகத் தெருப்பக்கம் வடிந்துவிடும். நீங்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதி இந்த வழியைத் திறந்து வைப்பதுதான்.

முதலில் ஒரு குவளைத் தண்ணீர்

எதையும் கழற்றுவதற்கு முன், மழை இல்லாத ஒரு நாளில் ஒரு குவளைத் தண்ணீரை டிராக்கில் மெல்ல ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் மட்டம் இறங்கி வெளிப்புறம் வடிந்தால் வழி சரியாக இருக்கிறது. குளம்போல் நின்றால் அடைப்பு. ஊற்றும் முன் கீழே யாராவது துணி காயப்போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்வது நல்லது. மும்பையில் பல சண்டைகள் அங்கேதான் தொடங்குகின்றன.

அடைப்பு என்றால், பெரும்பாலும் இப்படித்தான் எடுக்க வேண்டும்:

1. ஷட்டர்களை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, உலர்ந்த நிலையிலேயே டிராக்கைப் பெருக்குங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய வர்ணப் பிரஷ் போதும். கட்டுமானத் தூசி, புறா இறகு, கொசுவலையின் நூல், குழந்தைகள் போட்ட பொட்டுக்கடலை எல்லாம் வரும். ஈரப்படுத்திவிட்டுப் பெருக்கினால் அத்தனையும் சேறாகித் துளைக்குள்தான் போகும்.

2. பிறகு சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரும் பழைய பல்துலக்கியும். மூலைகளில் புறா எச்சம் காய்ந்திருந்தால் சுரண்டாதீர்கள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, நனைத்து ஊறவிட்டுத் துடையுங்கள். காய்ந்த எச்சத்தின் தூசி நுரையீரலுக்குக் கெடுதல்.

3. துளைக்குள் நேராகக் கம்பியை விட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். காற்று எதிர்த்து ஊதாமலிருக்க, உள் துளையையும் வெளித் துளையையும் நேருக்கு நேர் வைக்காமல் தள்ளி வைத்திருப்பார்கள். மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை இருக்கிறதே, அதை உள்ளே விட்டு இரு பக்கமும் வளைத்து ஆட்டினால் அடைப்பு நகரும். இரும்புக் கம்பி வேண்டாம்; பக்கத்து அறையில் சட்டத்துக்கு வலுவூட்டும் இரும்பு இருக்கிறது, நடுவில் உள்ள பிளாஸ்டிக் சுவரைக் குத்திவிட்டால் தண்ணீர் அங்கே போய் அது துருப்பிடிக்கும்.

4. மறுபடி ஒரு குவளைத் தண்ணீர். இன்னும் வடியவில்லை என்றால் வெளித் துளையில்தான் சிக்கல். அங்கே சின்ன மூடி ஒன்று இருக்கும். அதில் வர்ணம் ஒட்டியிருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம், கட்டடத்துக்கு வெளிப்பூச்சு பூசியபோது சிமென்ட் மூடியிருக்கலாம். வெளியே எட்டிச் சாய்ந்து அதை எடுக்கப் பார்க்காதீர்கள். கயிற்றில் இறங்கும் தொழிலாளியின் வேலை அது.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, மற்றபடி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். மே மாதக் கடைசியில் ஒரு தடவை கட்டாயம். மும்பையில் பருவமழை தொடங்கும் நாளாக வானிலைத் துறை குறித்திருப்பது ஜூன் 11. அதற்கு முன்பே எல்லா ஜன்னல் பழுதுக்காரர்களின் நாட்களும் நிரம்பிவிடும்.

வழி திறந்திருந்தும் டிராக்கில் தண்ணீர் நிற்கிறது

பயப்பட வேண்டாம். இது ஓரளவு இயல்பு. காற்று ஜன்னல்மீது மோதும்போது, அந்த அழுத்தம் வடியும் தண்ணீரைத் திருப்பித் தள்ளுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் நேராக மோதும் காற்று, டிராக்கில் ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தாங்கி நிறுத்த வல்லது. காற்று ஓய்ந்ததும் அது தானாக இறங்கும். டிராக்கின் உள்விளிம்பு அந்த உயரத்தைவிட அதிகமாக இருந்தால் தேங்கிய தண்ணீர் வீட்டுக்குள் வழியாது. விளிம்பு குட்டையாக இருந்தால், அது ஜன்னலைத் தேர்ந்தெடுத்தவர் செய்த பிழை. எத்தனை சிலிகோன் வைத்தாலும் தீராது.

அப்போதைக்குச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மேற்கிலும் தெற்கிலும் அடித்துப் பெய்யும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் பால்கனிக் கதவையும் சாத்திவிடுங்கள். வீட்டுக்குள் காற்றுக்குப் போக்கிடம் இருந்தால்தான் அது தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியையும் நிறுத்துங்கள். மீன் வறுக்கிற நேரம் பார்த்து மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்காதீர்கள்.

தண்ணீர் டிராக்கிலிருந்து வரவில்லை என்றால்

உலர்ந்த செய்தித்தாளை ஜன்னலின் அடியிலும் இரு பக்கமும் ஒட்டி வையுங்கள். மழைக்குப் பிறகு எந்த இடம் முதலில் நனைந்திருக்கிறது என்று பாருங்கள்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நனைந்திருந்தால், வெளிப்பக்கத்து சிலிகோன் விட்டுப்போயிருக்கிறது. பிளாஸ்டிக் வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். ஒன்றரை மீட்டர் நீளச் சட்டம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீள்கிறது. சுவர் அவ்வளவு நகராது. நடுவில் இருக்கும் சிலிகோன்தான் இந்த இழுபறியைத் தாங்க வேண்டும். தரமில்லாததாக இருந்தால் ஓரிரு கோடையில் உரிந்துவிடும். பழையதன் மேலேயே புதியதைத் தடவுவது வீண், ஒட்டாது. பழையதைக் கத்தியால் முழுக்க அறுத்தெடுத்து, துடைத்து, இரண்டு நாளாவது நன்றாகக் காயவிட்டு, அதன்பின் 'நியூட்ரல்' வகை சிலிகோனை வைக்க வேண்டும். வினிகர் நெடி அடிக்கும் வகை கண்ணாடிக்குச் சரி, சிமென்ட் சுவரில் நிற்காது. ஈரச் சுவரில் எதுவுமே நிற்காது. ஜூலையில் வந்து "இப்போதே அடித்துத் தருகிறேன்" என்பவரை டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று, ஜன்னலடியில் இருக்கும் கல். அது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். உள்பக்கம் சரிந்திருந்தால் சிலிகோன் பிழைத்திருக்கும்வரை மட்டுமே நீங்களும் பிழைத்திருப்பீர்கள்.

கண்ணாடியின் ஓரத்தில் நனைந்திருந்தால் கேஸ்கெட் என்ற கறுப்பு ரப்பர் பட்டையைப் பாருங்கள். மூலையில் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும், அல்லது சட்டத்தின் காடியிலிருந்து வெளியே தொங்கும். தொங்கினால் விரலாலேயே திரும்ப அழுத்திவிடலாம். சுருங்கியிருந்தால் அதே அளவில் புதியது போட வேண்டும். ஒரு சாண் துண்டை வெட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். வாயால் சொல்லி வாங்கினால் தவறான அளவுதான் வரும். கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் நாக்தேவி தெருவில் வன்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

சட்டத்தின் வடிதுளையிலிருந்து துருநிறத் தண்ணீர் வந்தால் மட்டும் கவனமாக இருங்கள். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, உள்ளே இருக்கும் இரும்பு நனைகிறது என்று அர்த்தம். பாதுகாப்புக் கம்பி போட வந்தவர் சட்டத்தின் அடிப்பாகத்தில் துளை போட்டு முடுக்கியிருப்பார், அல்லது யாராவது இணைய கேபிளுக்காகத் துளைத்திருப்பார். கிரில்லைச் சுவரில்தான் பொருத்த வேண்டும், ஜன்னலில் அல்ல. கேபிளைத் துளை போடாமல் ஷட்டருக்கு இடையே நசுக்கி விடுவதும் வேண்டாம். பிரஷ் பட்டை அந்த இடத்தில் படுத்துவிடும், பிறகு காற்று விசிலடிக்கும்.

ஷட்டர் நகர மறுக்கிறது

பாதிக்கு மேல் அழுக்குதான். டிராக்கைச் சுத்தம் செய்ததும் சரியாகிவிடும். பலர் இந்த இடத்தில் தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். ஒரு வாரத்தில் தூசியைப் பிடித்துப் பசையாகும், எறும்பு வேறு வரும். தையல் எந்திர எண்ணெயும் கிரீசும் அதைவிட மோசம், ரப்பர் உப்பிவிடும். சிலிகோன் ஸ்பிரே ஒன்று வாங்கிவைத்து, துணியில் அடித்துத் துடைத்துவிடுங்கள். ஒரு குப்பி ஆண்டுக்கணக்கில் வரும்.

சுத்தம் செய்தும் உரசினால் ரோலரை, அதாவது ஷட்டரைத் தாங்கி ஓடும் சின்னச் சக்கரத்தை, பாருங்கள். ஷட்டரின் பக்கவாட்டில் கீழ் முனையில் சின்ன பிளாஸ்டிக் மூடியோ துளையோ இருக்கும். உள்ளே ஒரு திருகு. அதை முடுக்கினால் பெரும்பாலான வகைகளில் அந்த முனை மேலெழும்பும். அரைச் சுற்று திருப்பி, தள்ளிப் பார்த்து, பிறகு அடுத்த அரைச் சுற்று, பொறுமையாகச் செய்யுங்கள். ஷட்டரைச் சாத்துவதற்கு ஒரு விரல் அளவு இருக்கும்போது நிறுத்தி, சட்டத்துக்கும் ஷட்டருக்கும் உள்ள இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மேலே அகலம், கீழே குறுகல் என்றால் ஒரு முனை தாழ்ந்திருக்கிறது.

பூட்டு விழவில்லை என்ற புகாரும் பெரும்பாலும் இதுதான். பூட்டின் கொக்கி சட்டத்தில் உள்ள குழிக்கு நேராக வராமல் இரண்டு மில்லிமீட்டர் கீழே வரும். பூட்டை மாற்றச் சொல்லிப் பணம் கேட்பார்கள். முதலில் ரோலரைச் சரிசெய்யுங்கள்.

ஏப்ரல் மே மதியங்களில் மட்டும் இறுகி, காலையில் எளிதாக ஓடினால், அது வெயிலின் வேலை. மரநிறப் படலம் ஒட்டிய ஜன்னல்கள் வெள்ளையைவிட அதிகம் சூடேறும், அவற்றில் இது கூடுதலாகத் தெரியும். கதவை உடைப்பதுபோல் இழுக்காமல் மாலை வரை காத்திருக்கலாம்.

ரோலரே தேய்ந்திருந்தால் ஷட்டரைக் கழற்ற வேண்டும். இங்கேதான் நான் கறாராக இருப்பேன்: மாடியில் குடியிருப்பவர்கள் இதைத் தாமே செய்யாதீர்கள். 120 சென்டிமீட்டர் உயரமும் 75 சென்டிமீட்டர் அகலமும் உள்ள 5 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 11 கிலோவுக்கு மேல். சட்டத்தையும் இரும்பையும் சேர்த்தால் தூக்கும்போது கை நடுங்கும். ஷட்டரைத் தூக்கி அடிப்பாகத்தை உள்ளே இழுக்கும் அந்த நொடியில் அது வெளிப்பக்கம் சாய்ந்தால் கீழே தெருவில் ஒருவர் நடந்து போய்க்கொண்டிருப்பார். கிரில் இல்லாத ஜன்னலாக இருந்தால் வந்த தொழிலாளியும் இரண்டு பேராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

கதவுபோல் திறக்கும் ஜன்னல்

இந்த வகை மழைக்கு நகர்த்தும் வகையைவிட நல்லது. சுற்றிலும் ரப்பர் அழுந்தும். கைப்பிடி ஆடினால், அதன் அடிமூடியைச் சற்று இழுத்துக் கால் சுற்று திருப்புங்கள், இரண்டு திருகுகள் தெரியும், முடுக்கிவிடுங்கள். அவ்வளவுதான்.

சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு தாள்துண்டை வைத்துச் சாத்தி இழுங்கள். எளிதாக வந்துவிட்டால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. கதவின் ஓரத்தில் பூட்டோடு சேர்ந்து நகரும் உருளைக் குமிழ்கள் இருக்கும். பல வகைகளில் அவற்றை அறுகோண முனையுள்ள 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் திருப்பி இறுக்கலாம். இணையத்தில் இதைக் 'குளிர்கால நிலை' என்று விளக்கும் வீடியோக்கள் ஏராளம். பனி பெய்யும் நாடுகளுக்கானவை. மும்பைக்குக் குளிர்காலம் ஏது? மே கடைசியில் ஒரு படி இறுக்குங்கள், அக்டோபரில் மழை விலகியதும் தளர்த்துங்கள். ஆண்டு முழுவதும் இறுக்கி வைத்தால் ரப்பர் படிந்து அடுத்த மழைக்கு உதவாது.

காற்றில் கதவு தானாக அடித்துக்கொண்டால் மேலும் கீழும் இருக்கும் நீளக் கீலில் உராய்வுத் திருகு ஒன்று இருக்கும், அதைச் சற்று முடுக்க வேண்டும். கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றில் சாதாரணத் திருகுகள் துருப்பிடிக்கும். மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டு வாங்குங்கள்.

கண்ணாடியில் பனி

ஏசி ஓடும் அறையில், மழைக்காலக் காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனித்திருந்தால் ஜன்னலில் பழுது இல்லை. ஜூலையில் இங்கே வெளிக்காற்று ஏறத்தாழ 25 டிகிரியிலேயே நீர்விடும் அளவுக்கு ஈரமாக இருக்கும். நீங்கள் ஏசியை 20-இல் வைத்தால், குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பு வியர்ப்பதுபோல் கண்ணாடியும் வியர்க்கும். ஏசியின் டிகிரியைக் கூட்டி வையுங்கள். இரட்டைக் கண்ணாடியின் நடுவே, துடைக்க முடியாத இடத்தில் பனி நின்றால் மட்டும் அதன் அடைப்பு போய்விட்டது. கண்ணாடியை மாற்ற வேண்டும், சட்டத்தை அல்ல.

துடைப்பதைப் பற்றி ஒரு வரி: சோப்பு நீரும் மென்துணியும் போதும், தின்னரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் பளபளப்பைக் கொன்றுவிடும். புது வீடு என்றால், சட்டத்தின்மேல் ஒட்டியிருக்கும் பாதுகாப்புத் தாளை உடனே உரித்துவிடுங்கள். "புதிதாகவே இருக்கட்டும்" என்று விட்டுவைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்; ஒரு கோடை வெயில் பட்டால் அது பிளாஸ்டிக்கோடு வெந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆளைக் கூப்பிடும்போது

வாடகை வீடு என்றால் முதலில் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்புங்கள், தேதியோடு. வெளிச்சுவர் வழியாகத்தான் தண்ணீர் வருகிறது என்றால் அது பொதுவாகக் குடியிருப்புச் சங்கத்தின் செலவு. செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள். கயிற்றில் ஆள் இறங்கும் வேலைக்கும் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

இந்தி வராதவர்களுக்கு நாலு சொல் போதும். ஜன்னல், 'கிட்கி'. தண்ணீர் உள்ளே வருகிறது, 'பானி அந்தர் ஆதா ஹை'. ரோலர் மாற்ற வேண்டும், 'ரோலர் பதல்னா ஹை'. நான்காவதுதான் முக்கியம்: 'ஹோல் பந்த் மத் கர்னா', துளையை அடைக்காதே. வருகிறவர்களில் பாதிப்பேர் நான் செய்த அதே வேலையைச் செய்யத்தான் சிலிகோன் துப்பாக்கியோடு வருவார்கள். வேலை முடிந்து அவர் பையைக் கட்டும் முன், அவர் கையிலேயே ஒரு குவளைத் தண்ணீரைக் கொடுத்து டிராக்கில் ஊற்றச் சொல்லுங்கள். வெளியே வடிவதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.